ஆழப்படுத்திய மண் எங்கே போகிறது? கடலில் கொட்டும் அனுமதியும் வன்னிக் கரையும்

முல்லைத்தீவுப் பக்கத்துக் கொக்கிளாயிலோ நாயாற்றிலோ தொடுவாய், அதாவது களப்பு கடலோடு சேரும் வாய், மணலேறி அடைபட்டால் படகு உள்ளே வர முடியாது. உடனே ‘ஆழப்படுத்தித் தாருங்கள்’ என்ற கோரிக்கை எழும். மன்னார்த் தீவின் பேசாலையில் மீன்பிடித் துறைமுகம் அமைப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கப்பற்சேவை மீளுமா என்ற பேச்சும் ஓய்வதில்லை. இத்தகைய வேலை எதுவானாலும் கடலடியைத் தோண்ட வேண்டியிருக்கும். தோண்டிய மண்ணை எங்காவது போட வேண்டியிருக்கும்.

அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ‘அனுமதி கிடைக்கவில்லை’, ‘சுற்றாடல் அறிக்கை நிலுவையில் உள்ளது’ என்று செய்தி வருகிறது. எந்த அனுமதி, அதை யார் தருவது என்பது சொல்லப்படுவதில்லை. கடலில் எடுத்த மணலைக் கடலிலேயே போடுவதற்கு அனுமதி எதற்கு என்று கரையில் நிற்பவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

தோண்டுவது வேறு, கொட்டுவது வேறு

துறைமுகத்தின் உட்பகுதி, படகு வரும் வழி, களப்பின் தொடுவாய் ஆகியவற்றின் அடியில் படிந்ததை இயந்திரத்தால் அகற்றுவதே ஆழப்படுத்தல். புதிதாக ஒரு வழி வெட்டுவது ஒரு வகை. ஏற்கெனவே வெட்டிய வழி தூர்ந்துபோகாமல் மீண்டும் மீண்டும் அகற்றுவது இன்னொரு வகை. முன்னதில் காலங்காலமாக அசையாமல் கிடந்த மண் வரும். பின்னதில் அண்மையில் படிந்த சேறு வரும். படகுகளின் எண்ணெயும் வர்ணப்பூச்சும் கரையின் கழிவுநீரும் இதிலேயே சேர்ந்திருக்கும். இரண்டையும் இக்கட்டுரையில் ‘தூர்மண்’ என்றே குறிப்பிடுவோம்.

‘கொட்டுதல்’ என்பதற்குச் சட்டத்தில் குறுகிய பொருள் உண்டு. கப்பல், படகு, விமானம், கடலில் கட்டப்பட்ட மேடை ஆகியவற்றிலிருந்து வேண்டுமென்றே கழித்துவிடும் நோக்கில் ஒரு பொருளைக் கடலில் விடுவதே கொட்டுதல். 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை இதை இப்படித்தான் வரையறுக்கிறது. அதே வரையறை ஒரு விலக்கையும் தருகிறது. கழிப்பதற்காக அல்லாமல் வேறொரு பயனுக்காக ஒரு பொருளை இடுவது கொட்டுதல் ஆகாது. ஆனால் அந்தச் செயல் உடன்படிக்கையின் நோக்கத்துக்கு முரணாக இருக்கக் கூடாது.

இந்த விலக்கு சிறியதுபோலத் தோன்றினாலும் கடற்கரை ஊர்களுக்கு மிகவும் பெரியது. ஒரே தூர்மணல், அதை ஏற்றிச் செல்லும் அடிக்கதவுள்ள ஒரே பாரவள்ளம். ஆழக்கடலில் கதவைத் திறந்து விட்டால் அது கொட்டுதல். அரித்துச் செல்லப்பட்ட கரையில் நிரப்பினால் அது கரைக்கு ஊட்டம். முதலாவதற்குக் கொட்டும் அனுமதி வேண்டும். இரண்டாவதற்குக் கரையோர அனுமதி வேண்டும். ஆகவே விண்ணப்பம் எழுதப்படும்போதே மண்ணின் விதி பாதி தீர்மானமாகிவிடுகிறது.

ஒரு தொடுவாயின் கணக்கு

அளவு கண்ணில் தெரிந்தால்தான் அனுமதியின் தேவை புரியும். 500 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம் கொண்ட ஒரு படகுவழியை 2 மீற்றர் கூடுதலாக ஆழப்படுத்துவதாகக் கொள்வோம். பெரிய வேலை அல்ல. எடுக்கப்படும் மண் 30,000 கன மீற்றர். நம் ஊரில் மணல் விற்கும் கணக்கில் இது 10,000 கியூபுக்கு மேல் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் 3,500 தடவை ஏற்ற வேண்டும். கடலடியில் 10 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பினால் 30 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 74 ஏக்கர் மூடப்படும். வயல் அளவில் பழகியவர்களுக்கு 74 ஏக்கர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

மூடப்படும் இடம் வெறும் நிலமாக இருக்காது. கடற்புல் இருக்கலாம், சங்கு இருக்கலாம், மீன் கூடும் பார் இருக்கலாம். பாடும், அதாவது வழக்கமாக வலை இழுக்கும் இடமும், இருக்கலாம். கள்ளப்பாடு, வலைப்பாடு என்று ஊர்ப்பெயரிலேயே பாடு நிற்கும் கரை இது. கரைவலை இழுப்பதற்கு அடி துப்புரவாக இருக்க வேண்டும். களிமண் கட்டிகளும் உடைகற்களும் விழுந்த பாட்டில் வலை கிழியும். அந்தப் பாடு பல ஆண்டுகளுக்குப் பயன்படாமல் போகலாம்.

மணலா, சேறா: எல்லாமே பருமனில்

தூர்மண்ணைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதன் துணிக்கை எவ்வளவு பருமன் என்பது. 0.063 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது மணல். அதற்குக் கீழே வண்டல். 0.004 மில்லிமீற்றருக்கும் கீழே களி. விரலிடையில் தேய்த்தால் மணல் நெருடும், களி வழுக்கும்.

10 மீற்றர் ஆழமான அமைதியான நீரில் இவை ஒவ்வொன்றாக விழுந்தால் அடியைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?

1. 0.1 மில்லிமீற்றர் நுண்மணல்: ஏறத்தாழ 20 நிமிடம். விநாடிக்கு 20 சென்ரிமீற்றர் வேகத்தில் நீரோட்டம் இருந்தால் அது போட்ட இடத்திலிருந்து சுமார் 240 மீற்றர் தள்ளி விழும்.

2. 0.01 மில்லிமீற்றர் வண்டல்: ஏறத்தாழ 28 மணித்தியாலம். அதே நீரோட்டம் ஒரே திசையில் ஓடினால் 20 கிலோமீற்றர்.

3. 0.002 மில்லிமீற்றர் களி: ஏறத்தாழ ஒரு மாதம்.

கடலில் இது இப்படியே நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உப்புநீரில் களித்துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி விரைவாக இறங்கும். பாரவள்ளத்தின் அடிக்கதவு திறந்ததும் மண்ணின் பெரும்பகுதி ஒரே திணிவாகக் கீழே போய்விடும்; சிறு பங்கே நீரில் தொங்கி நிற்கும். நீரோட்டமும் ஒரு நாளிலேயே திசை மாறும். இருந்தாலும் வித்தியாசம் மறையாது. மணலை எங்கே போட்டார்கள் என்பதை மறுநாளும் காட்ட முடியும். களியை எங்கே போட்டார்கள் என்பது வள்ளம் நின்ற இடத்தை மட்டுமே குறிக்கும். அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

நச்சும் நுண்துணிக்கையோடுதான் பயணிக்கிறது. செப்பு, நாகம், ஈயம் போன்ற உலோகங்களும் எண்ணெய் எச்சங்களும் மணலில் அதிகம் ஒட்டுவதில்லை. களியில் ஒட்டும். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறாமலிருக்க ஒருகாலத்தில் பூசப்பட்ட ரிபியூட்டைல்ரின் என்ற தகரச் சேர்மம் சிப்பி, சங்கு இனங்களின் இனப்பெருக்கத்தையே குலைத்தது. அதைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. பழைய துறைமுகங்களின் அடிச்சேற்றில் அது இன்னும் புதைந்து கிடக்கிறது. கிளறினால் எழும்.

அனுமதியின் தர்க்கம்

உலக அளவில் இதற்கு அடிப்படை 1972 ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை. எதைக் கொட்டக் கூடாது என்று அது பட்டியலிட்டது. 1996 இல் வந்த இலண்டன் நெறிமுறை இதைத் தலைகீழாக மாற்றியது: எதையுமே கொட்டக் கூடாது, பட்டியலில் உள்ள சிலவற்றைத் தவிர, அவற்றுக்கும் அனுமதி வேண்டும். நெறிமுறை 2006 இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சிறு பட்டியலில் முதலில் நிற்பது தூர்மண். உலகில் கடலில் கொட்டப்படுவதில் மிகப் பெரும்பங்கு அதுவே.

கடற்சட்ட உடன்படிக்கையின் 210 ஆம் உறுப்புரை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. கரையோர நாட்டின் வெளிப்படையான முன்னனுமதி இல்லாமல் அதன் கடலில் எவரும் எதையும் கொட்டக் கூடாது. அந்த நாடு இயற்றும் விதிகள் உலகப் பொதுவிதிகளைவிடப் பலவீனமாக இருக்கக் கூடாது. இலங்கை இந்த உடன்படிக்கையை 1994 இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே இலண்டன் விதிகளின் தரத்தைக் கேட்பது முல்லைத்தீவுக் கடற்றொழிலாளருக்கு அந்நியமான கோரிக்கை ஆகாது.

நெறிமுறையின் இரண்டாம் இணைப்பு, அனுமதி தருமுன் அதிகாரி எந்த ஒழுங்கில் சிந்திக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. சுருக்கமாக:

1. இவ்வளவு தோண்டத்தான் வேண்டுமா? குறைக்க வழி உண்டா?

2. தோண்டியதை வேறு எதற்காவது பயன்படுத்தலாமா? கரைக்கு ஊட்டம், நிலம் நிரப்பல், கட்டுமானம்? முடியும் என்றால், பெருஞ்செலவோ ஆபத்தோ இல்லாதவரை கொட்டும் அனுமதி மறுக்கப்பட வேண்டும்.

3. மண்ணில் என்ன இருக்கிறது? துணிக்கை, இரசாயனம், உயிரினங்களின் மீதான தாக்கம்.

4. ஒவ்வொரு நச்சுக்கும் கீழெல்லை, மேலெல்லை என்ன? கீழெல்லைக்குக் குறைந்தால் கவலை குறைவு; மேலெல்லையைத் தாண்டினால் கொட்டக் கூடாது; இடையில் நின்றால் மேலும் சோதனை.

5. எந்த இடம்? அங்கே என்ன வாழ்கிறது, யார் தொழில் செய்கிறார்கள், நீரோட்டம் எப்படி?

6. அங்கே போட்டால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம்? இதை எழுத்தில் வைக்க வேண்டும்.

7. எதிர்பார்த்ததுதான் நடக்கிறதா என்று எப்படிக் கண்காணிப்போம்?

இவற்றில் ஆறாவதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ‘பாதிப்பு இராது’ என்ற ஒற்றை வரி எதிர்பார்ப்பு ஆகாது. ‘போட்ட இடத்திலிருந்து இத்தனை மீற்றருக்கு அப்பால் கலங்கல் இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது’ என்று எழுதினால்தான் பிறகு ஒருவர் போய் அளந்து, அது பொய்யானதென்று காட்ட முடியும். பொய்யாக்க முடியாத வாக்கியத்தைக் கண்காணிக்க முடியாது.

ஐக்கிய அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டின் சட்டம் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. தூர்மண் கொட்ட அனுமதி தருவது இராணுவப் பொறியியல் பிரிவு. ஆனால் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இணங்க வேண்டும். தோண்டும் வேலையில் கைதேர்ந்த அமைப்பு தானே தனக்குச் சான்று கொடுத்துக்கொள்ள முடியாது.

இலங்கையில் எந்தக் கதவைத் தட்டுவது

ஒரு தனிக் கதவு இல்லை. செய்திகளில் வரும் குழப்பத்துக்கு இதுவே பெரிய காரணம்.

கடலில் கொட்டுவதற்கான அனுமதி, 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசடைதலைத் தடுத்தல் சட்டத்தின் கீழ் வருகிறது. அதை நடைமுறைப்படுத்துவது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது இந்தப் பெயரை நாடு முழுவதும் கேட்டது. விபத்து நேரும்போது மட்டும் அதற்கு வேலை என்ற எண்ணம் தவறு. திட்டமிட்டுக் கொட்டுவதை ஒழுங்குபடுத்துவதும் அதன் பொறுப்பே.

தோண்டும் இடம் பெரும்பாலும் வேறு சட்டத்துக்குள் விழும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடலை நோக்கி 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். கடலோடு தொடுக்கும் களப்புகளில் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரை அது நீளும். இந்த வலயத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்யக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய மூன்றின் தொடுவாய்களும் இதற்குள் அடங்கும்.

திட்டம் பெரிதானால் 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மதிப்பீடு தேவைப்படும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. சரணாலயம், தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கம் எதையாவது தொட்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் உள்ளே வரும். வன்னியில் இது அரிதாக வரும் நிலைமை அல்ல: சுண்டிக்குளம், வங்காலை, விடத்தல்தீவு, ஆதாம் பாலம் என்று கரையின் நெடும்பகுதி ஏதோவொரு பாதுகாப்பின் கீழ் இருக்கிறது. எடுத்த மணலை விற்கவோ வெளியே ஏற்றவோ நினைத்தால் 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் பொருந்தும். அதற்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்திடம் போக வேண்டும்.

கடைசியாகச் சொன்னது கொக்கிளாய்ப் பக்கத்தில் கூடுதல் கவனத்துக்குரியது. புல்மோட்டையிலிருந்து வடக்கே கொக்கிளாய் வரையுள்ள கரைமணலில் இல்மனைற், உரூற்றைல், சேர்க்கன் போன்ற கனமான கனியங்கள் இருக்கின்றன. அங்கே ‘தூர்மண்’ என்று எழுதப்படுவது விலையுள்ள பொருளாகவும் இருக்கலாம். ஆழப்படுத்தும் அனுமதியைக் காட்டிக் கனியமணலை வெளியேற்ற இடம் வைக்கக் கூடாது. எடுத்த கன மீற்றரும் போட்ட கன மீற்றரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு கணக்கேடு போதும். அந்தக் கணக்கேட்டை அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும்.

வன்னியின் அடிச்சேற்றில் வேறென்ன இருக்கிறது

இலண்டன் வழிகாட்டிகள் ஒரு சலுகை தருகின்றன. மாசு மூலங்களுக்குத் தொலைவிலுள்ள இடத்திலிருந்து எடுத்ததாகவோ, பெரும்பாலும் மணலும் கல்லுமாகவோ, எவரும் தொடாத இயற்கைப் படிவாகவோ இருந்தால் விரிவான இரசாயனச் சோதனை வேண்டியதில்லை. தொழிற்சாலைகள் அரிதான வன்னிக் கரைக்கு இது அப்படியே பொருந்தும் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். எழுதிவிடக் கூடாது. அந்த வழிகாட்டியே இன்றைய மாசு மூலங்களோடு பழைய மூலங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரைத் துடைத்தெடுத்துக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. 2009 மே மாதம் வரை மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கரையில் போர் நடந்தது. எறிகணைகள் நிலத்தில் மட்டும் விழவில்லை. நந்திக்கடலிலும் கரைக்கடலிலும் விழுந்தவற்றுள் வெடிக்காதவை சேற்றில் புதைந்து கிடக்கும் என்று கருதியே வேலையைத் தொடங்க வேண்டும். நிலத்தில் கண்ணிவெடி அகற்றி வழங்கிய சான்று நீரடிக்குப் பொருந்தாது. உறிஞ்சுகுழாயில் ஏறிய வெடிபொருள் பணியாளரைக் கொல்லலாம்; வெடிக்காமல் பாரவள்ளத்தில் ஏறிக் கொட்டுமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பிறகு அங்கே வலை போடுபவரின் கையில் ஏறும். பிற நாடுகளில் போர் நடந்த கடல்களில் வேலை செய்யும்போது காந்தமானியால் அடியை முதலில் ஆராய்கிறார்கள்; உறிஞ்சும் வாயில் இரும்புக் கம்பிச் சட்டம் பொருத்துகிறார்கள். வன்னிக் கடலுக்கான அனுமதியில் இவ்விரண்டும் கட்டாய நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2023 ஜூன் மாத இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தது; 50 க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. குழாய்க்கு வெட்டிய குழி ஆழம் குறைந்தது, கண்ணில் பட்டது, வேலையை நிறுத்த முடிந்தது. உறிஞ்சும் இயந்திரத்தில் கண்ணில் படுவதற்கு முன்பே எல்லாம் சேறோடு கலந்து நொருங்கிவிடும். காணாமற்போனவரைத் தேடி இன்னும் வீதியில் நிற்கும் தாய்மாருள்ள மாவட்டத்தில், இதைத் தொழில்நுட்பச் சிறுவிவரமாக ஒதுக்க முடியாது. போர் நடந்த கரையில் எந்த இயந்திரம் தோண்ட வேண்டும், யார் அருகிருந்து பார்க்க வேண்டும், எச்சம் தெரிந்தால் எந்த நிமிடத்தில் வேலையை நிறுத்தி நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்பவை முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அத்தகைய இடங்களில் உறிஞ்சு இயந்திரத்தைத் தவிர்த்து, அள்ளி மேலே காட்டும் வாளி இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவு கூடும். கூடட்டும்.

‘ஆழக்கடலில் போடுவோம்’ என்றால்

ஆழம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். மன்னாருக்கு வடக்கே பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 10 மீற்றரைச் சுற்றிய ஆழமே கொண்டது. பேசாலையிலிருந்து வடக்கேயோ பூநகரிப் பக்கத்திலிருந்து மேற்கேயோ எவ்வளவு தூரம் போனாலும் ஆழக்கடல் கிடைக்காது. அதற்குள் 1974 இல் வரைந்த இந்திய–இலங்கைக் கடலெல்லை வந்துவிடும். ஆழமில்லாத கடலில் போட்டதை அலை மீண்டும் கிளப்பும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் ஒரு பக்கமும் வடகிழக்கிலிருந்து வீசும் வாடையில் மறுபக்கமுமாக அது நகரும். வெயில் அடிவரை இறங்குவதால்தான் அங்கே கடற்புல் வளர்கிறது, ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது, இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கின்றன. நாட்கணக்கில் நிற்கும் கலங்கல் அந்த வெயிலை மறைக்கும்.

தெற்கே, அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துப் பார்கள் இருக்கின்றன. 1902 இல் அவற்றை ஆராய வந்த வில்லியம் ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர், இளஞ்சிப்பிகள் பெருந்தொகையாக அழிவதற்கு நகரும் மணல் ஒரு முக்கிய காரணம் என்று கண்டார். இயற்கை நகர்த்திய மணலே அப்படிச் செய்தால், பாரவள்ளம் கொண்டுவந்து போடும் மணல் என்ன செய்யும் என்பதைக் கணிக்க அதிகப் படிப்பு வேண்டியதில்லை.

பாக்கு விரிகுடா ஊடாகக் கப்பல்வழி வெட்ட இந்தியா வகுத்த சேதுசமுத்திரத் திட்டம் இந்தக் கேள்வியைப் பேரளவில் எழுப்பியது. 2005 ஜூலையில் தொடங்கிய அத்திட்டம் 12 மீற்றர் ஆழமான வழிக்காக 8 கோடி கன மீற்றருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற எண்ணியது. தோண்டும் இடம் இந்தியக் கடல். கலங்கலுக்கு எல்லைக்கோடு தெரியாது. திட்டம் இடையில் நின்றுபோனது. பொதுவிவாதம் பெரும்பாலும் இராமர் பாலம் எனப்படும் ஆதாம் பாலத்தைச் சுற்றியே நடந்தது. அத்தனை மண்ணும் எங்கே விழப்போகிறது என்ற கேள்வி மன்னார்க் கரையில் போதிய அளவு பேசப்படாமலே போயிற்று.

முல்லைத்தீவுப் பக்கம் வங்காள விரிகுடா, ஆழம் கிடைக்கும். அங்கே சிக்கல் பருவத்தில் இருக்கிறது. வாடையில் கடல் கொந்தளிக்கும். தோண்டும் இயந்திரம் நிற்க முடியாது. சோளகத்தில் கிழக்குக் கடல் அடங்கும். அதுவே தொழிலின் பருவம். இயந்திரமும் படகும் ஒரே அமைதியைத் தேடி ஒரே மாதங்களில் வருகின்றன. எந்த வாரங்களில் எந்த மணித்தியாலங்களில் கொட்டலாம் என்று அனுமதியிலேயே எழுதாவிட்டால் சண்டை கடலில் நடக்கும்.

மணலைத் தொலைத்துவிட்டுக் கல்லைக் கொட்டுவது

தமிழ் பேசும் கரையிலேயே கண்முன் நடந்த ஒரு பாடம் அம்பாறை மாவட்டத்து ஒலுவில். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்ட அத்துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அலைதடுப்புகள் கரையோரமாக வடக்கே நகர்ந்த மணலை மறித்தன. வாயில் மணலேறிப் படகு நுழைய முடியாமற் போயிற்று. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்பட்டுத் தென்னைகள் சரிந்தன. வாயைத் தோண்டு என்று கடற்றொழிலாளரும், கரையைக் காப்பாற்று என்று நிலமுள்ளவர்களும் எதிரெதிரே நின்றார்கள். உண்மையில் இரு தரப்பும் பேசியது ஒரே மணலைப் பற்றித்தான். வாயில் மிகுந்திருந்தது வடக்கே குறைந்திருந்தது.

தொடுவாய் மணல் பெரும்பாலும் துப்புரவான மணல். அதை வெளிக்கடலுக்கு ஏற்றிச் சென்று போட்டால் கரையின் கையிருப்பிலிருந்து அந்த அளவு கழிந்துவிடும். சில ஆண்டுகளில் எங்கோ ஒரு ஊர் அரிக்கப்படும். கருங்கல் அணை கேட்டு மனு எழுதப்படும். ஆகவே மணல் என்றால் கரைக்கே, நகர்வின் மறுபக்கத்துக்கே திருப்பித் தர வேண்டும். சேறு என்றால், அதுவும் துறைமுக உட்பகுதிச் சேறு என்றால், சோதனையின்றி எங்கும் போடக் கூடாது. இந்த இரண்டையும் பிரிக்காமல் ‘தூர்மண்’ என்று ஒரே மொத்தமாக வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதே முறை.

அனுமதிப் பத்திரத்தில் எதைப் பார்ப்பது

கடற்றொழிலாளர் சங்கமோ சங்கங்கள் சேர்ந்த சமாசமோ பத்திரத்தின் பிரதியைக் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலைநாட்களுக்குள் வர வேண்டும். கையில் கிடைத்ததும் பார்க்க வேண்டியவை:

1. மண் எங்கிருந்து, எந்த வகை, எத்தனை கன மீற்றர்.

2. மாதிரிகள் எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழத்தில் எடுக்கப்பட்டன. மேற்பரப்பில் மட்டும் அள்ளிய மாதிரி, இரண்டு மீற்றர் கீழே உள்ளதைச் சொல்லாது.

3. கரைக்குப் பயன்படுத்தும் வழி ஆராயப்பட்டதா. ஒதுக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன.

4. எந்த மாதங்கள், எந்த நேரம், எந்த வகை வள்ளம். வள்ளத்தின் பயணப் பதிவு யாரிடம் இருக்கும்.

5. வெடிபொருள், மனித எச்சம் தொடர்பான நிபந்தனை.

6. கலங்கலை யார் அளப்பார், எந்த அளவைத் தாண்டினால் வேலை நிற்கும், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு.

7. கொட்டுமிடத்தின் நான்கு மூலைகளின் ஆள்கூறுகள்.

ஏழாவதைச் சங்கத்தில் எவரும் உடனே சோதிக்கலாம். இன்று பெரும்பாலான வெளியிணைப்பு இயந்திரப் படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. நான்கு எண்களையும் அதில் இட்டு ஒரு காலையில் அங்கே போய் நிற்கலாம். வரைபடத்தில் வெற்று நீலமாகத் தெரிந்த அந்தச் சதுரம் எந்தப் பாரின் மேல் விழுகிறது, யாருடைய வலை அங்கே போகிறது என்பதை அந்தக் கடலில் முப்பது வருடம் போய்வந்தவர் சொல்லிவிடுவார். அவர் சொல்வதை எழுதிக் கையொப்பமிட்டு அனுமதி தரும் அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும்; சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்திருந்தால், கருத்துச் சொல்லும் அந்த 30 நாள் முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.